ஒண்ணாம் வகுப்பும் கோமதிநாயகம் சாரின் புருவமும்

இந்தக் கதையில் கூட்டிச் சொல்ல யாருக்கும் இடமில்லை. கூட்ட வேண்டியதையெல்லாம் கோமதிநாயகம் சாரே கூட்டிவிட்டார்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டே நாள். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. ஆசிரியர் கூட்டம் என்று பேர், ஆனால் உட்கார்ந்திருந்தது மொத்தம் நாலு பேர். தலைமையாசிரியை சண்முகவடிவு டீச்சர், எந்த வகுப்பு யாருக்கு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மற்ற வகுப்புகளுக்குச் சண்டை கிடையாது. ஒண்ணாம் வகுப்பு என்றால் மட்டும் ஆளாளுக்கு ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள்.

ஏழு வருஷமாக அது ஜெபக்கனி டீச்சர் தலையில்தான் விடிந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒருத்தி அம்மா வேணும் என்று அழுவாள், அவள் அழுகிறாளே என்று பத்துப் பிள்ளைகள் அழும். பென்சிலைக் காணோம் என்று ஒருத்தன் வருவான், தேடினால் அவன் காதுக்குள்ளே இருக்கும். "உக்காரு, உக்காரு" என்று கத்திக் கத்தியே அவள் தொண்டையில் காய்ப்பு விழுந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் இப்படிக் கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்ச் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று பாடினவள், ஆறு மாசமாகக் கடைசி பெஞ்சில் வாயை மூடி உட்கார்ந்திருக்கிறாள். அதை நினைத்தாலே அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

போன வருஷம் கோமதிநாயகம் சாரிடம் கெஞ்சிப் பார்த்தாள். பதினோரு வருஷமாக ஐந்தாம் வகுப்பில் அட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் மனுஷன், "எனக்கு மூட்டுவலி டீச்சர்" என்று முட்டியைத் தடவிக் காட்டிவிட்டார். இந்த வருஷம் அவள் கெஞ்சுவதாக இல்லை. உம்மால் முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அது ஊருக்கே தெரியும்.

தட்டில் ஆமவடை வந்தது. சார் இரண்டை எடுத்துக்கொண்டார். ஜெபக்கனி கரகரத்த குரலில், யாருக்கோ சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

"என்ன இருந்தாலும் சின்னப் பிள்ளையள மேய்க்கது எல்லாராலயும் முடியாது. இப்ப நம்ம சாரையே எடுத்துக்கிடுங்க. பாவம், ஒரு நாள் தாங்க மாட்டாவ."

சார் வடையைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது.

"யாரு, நானா? டீச்சர், நான் முத முதல்ல வேலைக்குச் சேந்ததே ஒண்ணாம் வகுப்புக்குத்தான், தெரியும்லா? அறுபத்திரெண்டு பிள்ளைய. ஒரு கைதட்டு தட்டுனா உக்காரணும், ரெண்டு தட்டுனா வாயை மூடணும். பழக்கிவிட்டது அம்புட்டுதான். ரெண்டு தட்டு தட்டுனேம்னு வைங்க, சுவத்துல எறும்பு நடக்க சத்தம் கேக்கும். பள்ளிக்கூடத்த மூடிட்டாவன்னு ஊர்க்காரங்க மனு எழுதிக் கொடுத்துட்டாவ!"

"எறும்பு சத்தம் எப்படி சார் இருக்கும்?" என்றான் மூணாம் வகுப்பு எடுக்கும் இளவட்டம் இசக்கியப்பன்.

"அது ஒனக்குக் கேக்காதுடே. ஒன் வகுப்பு அப்படி."

ஜெபக்கனி சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "வாய மூட வச்சிரலாம் சார். வரிசையில நிப்பாட்டணுமே? தண்ணி குடிக்கப் போனா ஆளுக்கொரு பக்கம் ஓடுதுவளே."

"அதுக்குத்தான் ரயில் விளையாட்டு! முன்னால நிக்கவன் சட்டைய பின்னால நிக்கவன் பிடிக்கணும். நான் விசில் ஊதணும். ஒருநாள் அப்படியே ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த ஒழுங்கப் பாத்துட்டு ரயில்வே கேட்காரன் நிஜமாவே கேட்ட மூடிட்டான். ரெண்டு பக்கமும் பஸ்ஸு, லாரி எல்லாம் நிக்கி. தென்காசி போற ஒரு பெரியவரு, மூட்டை முடிச்சோட வந்து கடைசிப் பயலோட சட்டையப் பிடிச்சிக்கிட்டாரு!"

"டிக்கெட் கேட்டீங்களா சார்?" என்றான் இசக்கியப்பன்.

"வயசானவருடே. பாதி டிக்கெட்தான்."

தலைமையாசிரியை தலை நிமிரவில்லை. பேனா மட்டும் நின்றிருந்தது. ஜெபக்கனி அதைக் கவனித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும்.

"விளையாட்டெல்லாம் சரி சார். கணக்கு? நான் புளியங்கொட்டைய வச்சி எண்ணச் சொன்னா பாதிய வாயில போட்டுக்கிடுதுவ."

"என் பிள்ளைய புளியங்கொட்டைய எண்ணி முடிச்சி, புளிய மரத்து இலைய எண்ணி முடிச்சி, எண்ணதுக்கு ஒண்ணும் இல்லாம அழுதுட்டு நின்னுதுவ. பொறவு வீடு வீடா ஊர் ஜனத்த எண்ண வந்தவரு, அதுவட்ட கேட்டு எழுதிட்டுப் போயிட்டாரு. கணக்குல ஒரு ஆள் கூடுதலா இருந்துச்சி. பாத்தா, வயித்துப் பிள்ளையையும் சேத்து எண்ணியிருக்குவ!"

"இவ்வளவும் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுக்கணும்லா சார். தொண்டை என்னத்துக்காவும்?"

"தொண்டையா? நான் வாயத் தொறந்தாத்தானே! எல்லாம் புருவம்தான் டீச்சர். இடது புருவத்தத் தூக்குனா தமிழ். வலது புருவத்தத் தூக்குனா கணக்கு. ஒருநாள் வலது புருவத்துல கொசு கடிச்சிட்டு. நான் பாட்டுக்கு ரெண்டு தடவ ஆட்டிட்டேன். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைய பதினேழாம் வாய்ப்பாட்ட ஆரம்பிச்சிட்டுதுவ. எனக்கே தெரியாது, அதுவ சொல்லித்தான் நான் படிச்சேன்."

இசக்கியப்பன் வடையை மென்றபடியே கும்பிட்டான். "சார், போதும் சார். புரை ஏறிரும்."

"இதுக்கே இப்படீங்கியே. எனக்கு டைபாய்டு வந்து மூணு மாசம் படுத்த கதையக் கேளு. லீவு போடலியே! என் சட்டைய மட்டும் கொடுத்துவிட்டேன். நாற்காலியில மாட்டியிருந்தாவ. ஒரு பிள்ளை அசையணுமே? சட்டை பாட்டுக்குப் பாடம் நடத்திட்டு இருந்திச்சி. பரிசோதனைக்கு வந்த அதிகாரி, சட்டை கையப் பிடிச்சிக் குலுக்கி, இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு ஆசிரியர நான் பாத்ததில்லன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு!"

"அதென்னமோ அவரு எழுதுனது சரிதான் சார்" என்றான் இசக்கியப்பன். "சட்டைக்குள்ள நீங்க இருந்தாலும் அம்புட்டுதான் நடக்கும்."

சார் முறைப்பதற்குள் சண்முகவடிவு டீச்சர் பேனாவை மூடினார். நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். "கையெழுத்துப் போடுங்க சார். ஒண்ணாம் வகுப்பு உங்களுக்கு. அஞ்சாம் வகுப்பு ஜெபக்கனிக்கு."

கோமதிநாயகம் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. முட்டியைத் தடவினார். யாரும் பார்க்கவில்லை. பிரஷர் என்றார், சர்க்கரை என்றார், சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் வருஷம் முழுக்க வரிசையாக இருக்கிறது என்றார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒண்ணுக்கு என்று விரலைத் தூக்கி நிற்பது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. எழுந்தே விட்டார்.

"டீச்சர், நான் சொன்னதெல்லாம் புளுகு டீச்சர்! சத்தியமா புளுகு! ஒண்ணாம் வகுப்புல நான் மொத்தம் நாலு நாள்தான் இருந்தேன். அஞ்சாவது நாளு அந்தப் பிள்ளைய என்னை உள்ள வச்சிப் பூட்டிட்டுப் போயிட்டுதுவ!"

ஜெபக்கனிக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. வாய்விட்டுச் சிரித்தால் தொண்டை வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தாள்.

தலைமையாசிரியை பேனாவை அவர் கையில் வைத்தார்.

"புளுகுன்னு தெரியும் சார். அதுக்குத்தான் கொடுக்கேன். பதினோரு வருஷமா இந்தக் கதையெல்லாம் எங்ககிட்ட வீணாக்கிட்டீங்க. நம்புத வயசுல இருக்க பிள்ளையட்ட போய்ச் சொல்லுங்க."