தென்துருவ ஒளியும் வரித்தலை வாத்துகளும்

தென்கடலோரத்தில் இருந்த ஒரு பெரிய கண்மாயில் நாற்பத்தொரு வரித்தலை வாத்துகள் வந்து இறங்கின. ஆண்டுதோறும் கார்த்திகையில் அவை இமயமலையைத் தாண்டி வரும். தை அறுவடை முடிந்ததும் வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லைத் தின்று கொழுக்கும். பங்குனியில் வடக்கே திரும்பிவிடும். இமயத்தைத் தாண்டிய பெருமை அவற்றுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. கொக்கும் நாரையும் பேச வந்தால் பாதிப் பேச்சிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தக் கூட்டத்தில் மருதி என்று ஒரு பெட்டை வாத்து இருந்தாள். எதைக் கண்டாலும் அவளுக்கு ஒரு கேள்வி தோன்றும். தோன்றினால் கேட்டுவிடுவாள். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது அசட்டுக் கேள்வி கேட்டால், எல்லா வாத்துகளும் கழுத்தை நீட்டி, "காங்! காங்! காங்!" என்று மூன்று முறை கத்தும். அதற்கு முக்காங்கு என்று பெயர். முக்காங்கு வாங்கியவர் அன்று முழுவதும் எல்லாருக்கும் கடைசியாகப் பறக்க வேண்டும். எது அசட்டுக் கேள்வி என்பதை யார் முடிவு செய்வது? தலைவன்தான். தலைவனுக்குப் பதில் தெரியாத கேள்விகள் எல்லாமே அசட்டுக் கேள்விகள்!

இந்த முறை மலையைத் தாண்டும்போது மருதி, "அந்தப் பக்கம் காத்து எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தாள். உடனே முக்காங்கு! அவளுடைய கணவன் கொற்றனும் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தினான். பனிக்காற்றில் கடைசி ஆளாகப் பறந்து வந்த அந்த நாளை அவளால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் கேள்விகளை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கப் பழகிக்கொண்டாள்.

அந்தக் கார்த்திகையில் ஒரு புயல் அடித்தது. புயல் ஓய்ந்தபோது கண்மாய்க் கரையில் முன்பின் பார்த்திராத பறவை ஒன்று கிடந்தது. வளைந்த அலகு, நீண்ட இறக்கை. அதன் பெயர் கடலோடி. தெற்கே, கடலெல்லாம் கடந்து, உலகத்தின் கடைசியில் இருக்கும் ஒரு தீவு அதன் ஊர். இறக்கைச் சுளுக்குத் தீரும்வரை பத்து நாள் அது கண்மாய் மீனைத் தின்றபடி கதை சொல்லிக்கொண்டிருந்தது.

"எங்க தீவுல ராத்திரியானா வானமே ஆடும்!" என்றது கடலோடி.

"வானம் ஆடுமா? என்னண்ணே சொல்றீங்க!" என்று கொற்றன் வாயைப் பிளந்தான்.

"இந்தக் கரையில சேலை காயப்போடுறாங்களே, அது காத்துல எப்படி ஆடுது? அப்படித்தான். பச்சையும் சிவப்புமா ஒளி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஆடும்! சத்தமே இருக்காது."

வாத்துகள் மூச்சுவிடக்கூட மறந்து கேட்டன. தலைவன் வரிமுடி கழுத்தை நிமிர்த்தினான். பக்கத்துக் கண்மாயில் இன்னொரு வாத்துக் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் பார்க்காத ஒன்றைத் தான் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்து ஆட்டியது.

"இமயத்தையே தாண்டுனவங்க நாங்க. கடலும் எங்களுக்கு ஒரு பெரிய குட்டைதான்! எப்ப வந்தா அந்த ஒளியப் பார்க்கலாம்?" என்று கேட்டான்.

"குளிர்காலத்துல வாங்க," என்றது கடலோடி. "எங்க குளிர்காலத்துல. அப்பத்தான் இருட்டு நல்லா இருக்கும்."

மருதியின் காதில் 'எங்க' என்ற அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. குளிர்காலம் எல்லாருக்கும் ஒன்றுதானே? அதென்ன எங்க குளிர்காலம்? கேட்பதற்காக அலகைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். நாற்பது கழுத்துகள் தெரிந்தன. திறந்த அலகை மூடிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் கடலோடி பறந்து போய்விட்டது.

வரிமுடி உடனே கூட்டம் போட்டான். திட்டம் போடுவதென்றால் வாத்துகளுக்குச் சொல்ல வேண்டுமா? மூன்று நாள் பேசித் தீர்த்தன. தீவில் யார் எந்தப் பாறையில் உட்காருவது என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. உயரமான பாறை தலைவனுக்கு என்று முடிவானது. ஒளியை ஒற்றைக் காலில் நின்று பார்ப்பதா, இரண்டு காலையும் ஊன்றிப் பார்ப்பதா என்று இன்னொரு நாள் போயிற்று. திரும்பி வந்ததும் பக்கத்துக் கண்மாய்க்காரர்களிடம் யார் முதலில் கதை சொல்வது என்பதில் மூன்றாம் நாள் கழிந்தது.

கடைசியில் கொற்றன் ஒரு நல்ல வார்த்தை சொன்னான். "தலைவரே, தை அறுப்பு வரைக்கும் இருப்போம். நெல்லத் தின்னு உடம்பத் தேத்திக்கிட்டுக் கிளம்பலாமே!"

"நல்லா இருக்கே நீ சொல்றது! தை முடிஞ்சா குளிர் போயிரும். குளிர் போனா ஒளியும் போயிரும்! நாளைக்கே கிளம்புறோம்!" என்றான் வரிமுடி.

இப்போது கேட்டிருக்கலாம். மருதிக்குத் தொண்டைவரை வந்தது. ஆனால், இத்தனை பேருக்குத் தோன்றாதது எனக்கு மட்டும் தோன்றுகிறதென்றால் அது அசட்டுத்தனமாகத்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். பயத்துக்கு அடக்கம் என்று பேர் வைத்துக்கொள்வது எத்தனை சுலபம்!

மறுநாள் நாற்பத்தொரு வாத்துகளும் அரை வயிறும் முழுப் பெருமையுமாகத் தெற்கே கிளம்பின.

கடல் குட்டையாக இல்லை. எத்தனை நாள் பறந்தும் கரை வரவில்லை. களைத்தபோது அலைமேல் இறங்கி மிதந்தன. தின்பதற்குப் புல் இல்லை. குடிப்பதற்கு மழை பெய்தால்தான் உண்டு. பன்னிரண்டாம் நாள் வந்த சூறாவளி ஒன்பது வாத்துகளைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு பசி வாட்டியது. இறக்கை அடிக்கத் தெம்பில்லாமல் ஆறு வாத்துகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. இறங்கியவை எழும்பவே இல்லை. திரும்பிப் பார்க்க மற்றவற்றுக்கும் தெம்பில்லை.

பறக்கப் பறக்க மருதி இன்னொன்றையும் கவனித்தாள். பகல் நீண்டுகொண்டே போயிற்று. மார்கழியில் பொழுது சீக்கிரம் அல்லவா சாய வேண்டும்? இங்கே சூரியன் இறங்க மனமில்லாமல் நின்றது.

"ஏங்க, பொழுது..." என்று கொற்றனிடம் தொடங்கினாள்.

"என்ன புள்ள?"

முன்னால் வரிமுடி பறந்துகொண்டிருந்தான். காற்று அவன் பக்கமாகத்தான் அடித்தது.

"ஒண்ணுமில்ல," என்றாள் மருதி.

இருபத்தாறு வாத்துகள் அந்தத் தீவில் போய் விழுந்தன. இறங்கின என்று சொல்ல முடியாது. விழுந்தன. எங்கு பார்த்தாலும் கறுத்த பாறை. பாறை இடுக்கில் கொஞ்சம் பாசி. கொஞ்ச நேரம் அந்தப் பாசியைக் கொத்திவிட்டு, திட்டப்படி ஆளுக்கொரு பாறையில் ஏறி உட்கார்ந்தன. உயரமான பாறையில் வரிமுடி உட்கார்ந்தான். இருட்டுக்காகக் காத்திருந்தன.

சூரியன் கடலை நோக்கி இறங்கியது. கடலைத் தொடப்போகும் நேரத்தில் தொடாமல் அப்படியே ஓரமாக நகர்ந்து மறுபடி மேலே ஏறியது.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும்," என்றான் வரிமுடி.

இரண்டாம் நாளும் இருட்டவில்லை. மூன்றாம் நாளும் இருட்டவில்லை. கொள்ளைக்காரக் கடற்பறவைகள் வந்து, நிற்க முடியாமல் தள்ளாடிய வாத்துகளைக் கொத்தித் தூக்கிப்போகத் தொடங்கின.

நான்காம் நாள் ஒரு பென்குயின் அசைந்து அசைந்து வந்தது. பாறைக்கொன்றாக உட்கார்ந்திருந்த வாத்துகளைப் பார்த்து அதற்கு ஒரே வியப்பு.

"யாருக்காக இப்படிக் காத்துக்கிட்டிருக்கீங்க?"

"ராத்திரிக்காக! வானத்துல ஒளி ஆடுமாமே!" என்றான் வரிமுடி.

"அடப் பாவமே! அதுக்கு இன்னும் நாலு மாசமாவது ஆகுமே! இப்ப இங்க கோடைக்காலம். கோடையில ராத்திரி ஏது?"

"மார்கழியில கோடையா? விளையாடுறியா?"

"உங்க ஊர்ல குளிர்னா எங்க ஊர்ல வெயில். எங்களுக்குக் குளிர்னா உங்களுக்கு வெயில். இது தெரியாமலா இத்தனை தூரம் வந்தீங்க? யாரும் சொல்லலையா?"

கடலோடி சொல்லியிருந்தது. ஒரே ஒரு சொல்லில் சொல்லியிருந்தது. ஆறு மாதம் பொறுத்திருந்தால் போதும். தை நெல்லைத் தின்று, உடம்பைத் தேற்றி, நிதானமாக வந்திருக்கலாம். குளிர் போய்விடும் என்ற அவசரத்தில், குளிரே இல்லாத காலத்தில் வந்து சேர்ந்திருந்தன!

"நாலு மாசம் இங்கேயே இருந்து பார்த்துட்டா என்ன?" என்று ஒரு வாத்து ஈனக்குரலில் கேட்டது. அதற்கு யாரும் முக்காங்கு போடவில்லை.

"இருட்டு வரும்போது பனியும் வந்துரும். இந்தப் பாசியும் பனிக்கடியில போயிரும். நீங்க மீன் தின்ன மாட்டீங்க. இப்பவே திரும்பிப் போங்க!" என்றது பென்குயின்.

திரும்பிப் போகக் கொற்றனால் முடியவில்லை. கொள்ளைப் பறவை கொத்தியதில் அவனுடைய இடது இறக்கை தொங்கிப் போயிருந்தது. ஒரு பாறையின் மறைவில் சாய்ந்து கிடந்தான். மருதி பக்கத்தில் உட்கார்ந்து காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டாள்.

"யாருக்குமே தெரியாமப் போச்சே, புள்ள," என்றான் கொற்றன்.

மருதியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "எனக்குத் தோணுச்சு," என்றாள். "'எங்க குளிர்காலத்துல'ன்னு கடலோடி சொன்னப்பவே தோணுச்சு. அதென்ன 'எங்க' குளிர்காலம்னு கேக்க வந்தேன்."

"ஏன் கேக்கல?"

"எல்லாரும் கத்துவாங்கன்னு பயந்தேன்."

 "மலையில நீ கேட்டப்ப நானுந்தானே கத்துனேன்," என்றான் கொற்றன். "நீ கேட்டிருந்தா இப்பவும் கத்தியிருப்பேன். கத்துனாலும் கடலோடி பதில் சொல்லியிருக்கும், புள்ள. ஒரு நாள் கடைசியாப் பறந்திருப்ப. அவ்வளவுதான்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது மருதிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.  சூரியன் அடிவானத்தோரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொற்றன் இறந்தது பகலிலா இரவிலா என்றுகூட அவளால் சொல்ல முடியாது.

மீதி வாத்துகள் வடக்கே திரும்பின. வந்த வழியே போக வேண்டும். வந்தபோது இருந்த உடம்பு இல்லை. கடல் தன் பங்கை மறுபடியும் எடுத்துக்கொண்டது. கண்மாய்க்கு வந்து சேர்ந்தவை பதினோரு வாத்துகள்.

அப்போது பங்குனி பிறந்திருந்தது. கண்மாயில் நீர் வற்றிச் சேறு தெரிந்தது. வயலில் ஒரு மணி நெல் இல்லை. பக்கத்துக் கண்மாய் வாத்துகள் தின்று பளபளத்து, வடக்கே கிளம்ப வரிசை கட்டி நின்றன. திரும்பி வந்தவற்றைப் பார்த்ததும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டன.

"ஒளியப் பார்த்தீங்களா? எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, சொல்லுங்க!"

யார் முதலில் கதை சொல்வது என்று முன்பு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்ட வரிமுடி, சேற்றைப் பார்த்தபடி நின்றான். 

மருதிதான் முன்னால் வந்தாள். "பார்க்கல," என்றாள். "நாப்பத்தொரு பேர் போனோம். முப்பது பேர் செத்துப் போனாங்க. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தா எல்லாரும் உயிரோட இருந்திருப்பாங்க. நான் கேக்கல."

பக்கத்துக் கண்மாய் வாத்துகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்புறம் தங்கள் வரிசைக்குத் திரும்பி, வடக்கே பறந்து போயின. பதினோரு வாத்துகளுக்கும் மலையைத் தாண்டும் தெம்பு அந்த ஆண்டு இல்லை. வற்றிப்போன கண்மாயில் கோடை வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அவை கிடந்தன.

கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும், அந்தச் சிரிப்புக்குப் பயந்து கேளாமல் இருக்கிறவர்களும் சேர்ந்துதான் ஒரு கூட்டத்தைக் குழியில் தள்ளுகிறார்கள்.