மாரியண்ணன் விழாமல் பார்த்துக்கொண்ட கதை

கோணக்குளத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு பேருந்துகள் வரும். இரண்டும் நிற்காது. அதனால் வெளியுலகச் சங்கதி எதுவானாலும், சமுதாயக் கூடத்தில் இருந்த பஞ்சாயத்துத் தொலைக்காட்சி வழியாகத்தான் ஊருக்குள் வந்து இறங்க வேண்டும். அந்தப் பெட்டியின் பேச்சை ஊரில் நான்கு பேர் ஒரு நாளும் தட்டியதில்லை.

மூத்தவர் ஆவுடையப்பன், வயது எழுபத்திரண்டு. கூடத்துச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது, ஆகவே அவர் தலைவர். அடுத்தவர் கோமதிநாயகம், ஐம்பத்தெட்டு. பொட்டலம் கட்டிவந்த காகிதத்தையும் விடாமல் படிப்பார், ஆகவே அறிவாளி. மூன்றாமவர் தளவாய், ஐம்பத்தொன்று, கொத்தனார். அவர் கட்டிய சுவர்களைவிட இடித்த சுவர்கள் மூன்று அதிகம். கடைசி ஆள் ஊர்க்காட்டான், நாற்பத்தேழு. ஆறடி மூன்று அங்குலம் உயரம். ஊரில் உள்ள நிலைப்படிகள் அத்தனையும் அவன் நெற்றியைப் பார்த்திருக்கின்றன. சமதரையில் நடந்தாலும் கால் தட்டி விழுவான். அவன் விழுந்தால் ஊர் சிரிக்கும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு விழுந்ததை நினைத்துப் பதினோரு வருடம் கழித்தும் சிரிக்கிறவர்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஜப்பான்காரர்கள் வரைந்த பொம்மைப் படம் ஒன்று தமிழ் பேசிக்கொண்டு வரும். அதில் இரண்டு ராட்சத ரோபோக்கள். ஒன்று ஒல்லியாக, வெள்ளி நிறத்தில், முதுகில் இறக்கையோடு இருக்கும். வருகிற பூதத்தை ஒரே வெட்டில் சாய்க்கும். ஊரில் அதற்கு வெள்ளிச்சாமி என்று பெயர் விழுந்துவிட்டது. மற்றதன் பெயர் கொண்டாமாரு. நாற்பது மீட்டர் உயரம், தண்ணீர்த் தொட்டி போல வயிறு, குக்கர் மூடி போலத் தலை. சண்டைக்கு முதலில் ஓடிவருவது கொண்டாமாருதான். ஓடிவந்து, தன் கால் தன் காலிலேயே தட்டி, ஏதாவது ஒரு கட்டடத்தின் மேல் விழும். பூதமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அதன்பிறகு வெள்ளிச்சாமி சாவகாசமாக வந்து சேரும்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஊர்க்காட்டான் மட்டும் சிரிக்கவில்லை.

"பாவம் அண்ணாச்சி, மாரியண்ணன். அவரு என்ன, வேணும்னா விழுதாரு?" என்றான். கொண்டாமாரு அவன் வாயில் மாரியண்ணன் ஆகிவிட்டிருந்தது.

மற்ற மூவரும் யோசித்துப் பார்த்தார்கள். வேண்டுமென்று விழுவதாகத் தெரியவில்லை. அன்று முதல் நால்வரும் சிரிப்பதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு வாரத்தில் மாரியண்ணன் அறுபத்தொரு தடவை விழுந்திருந்தார். இடப்பக்கம் நாற்பத்து நான்கு, வலப்பக்கம் பன்னிரண்டு, மல்லாக்க ஐந்து.

பார்ப்பதிலும் அவர்கள் ஒழுங்கு தவறவில்லை. படம் தொடங்குமுன் பெட்டியில் ஒரு குரல், "குழந்தைகள், பெரியவர்களின் துணையோடு பார்க்கவும்" என்று சொல்லும்.

"அது நமக்கில்லவே, குழந்தைகளுக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"என் வீட்டுக்காரி என்னைக் குழந்தைன்னுதான் சொல்லுதா" என்றார் தளவாய்.

அதனால் ஊர்க்காட்டான் தளவாயின் துணையோடும், தளவாய் கோமதிநாயகத்தின் துணையோடும், கோமதிநாயகம் ஆவுடையப்பனின் துணையோடும் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பனுக்குத்தான் துணை இல்லை. ஊரில் அவரைவிட மூத்த ஆளே கிடையாது. நெடுநேரம் விசாரித்ததில், அவர் வீட்டு ஆட்டுரல் அவர் பிறப்பதற்குப் பதினெட்டு வருடம் முன்னாலேயே வாங்கியது என்று தெரிந்தது. அதை உருட்டிக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மூத்தது என்பதால் அதற்கு மட்டும் பாய் போட்டார்கள்.

படத்துக்கு நடுவே, "சிறிய இடைவேளை, எங்கும் போய்விடாதீர்கள்" என்று அதே குரல் சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொன்ன கையோடு மின்சாரம் போய்விட்டது. பதினொன்று இருபதுக்குப் போனது, மாலை நாலரைக்குத்தான் வந்தது. ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் நால்வரும் எங்கும் போகவில்லை. இடையில் மழை பெய்து, களத்தில் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தல் வாய்க்காலோடு போனது.

"நம்ம வத்தல் போவுதே அண்ணாச்சி" என்றார் தளவாய், சன்னல் வழியே பார்த்து.

"அது போவட்டும். போகக்கூடாதுன்னு சொன்னது நம்மளத்தானே" என்றார் ஆவுடையப்பன்.

மாரியண்ணன் ஏன் பெரும்பாலும் இடப்பக்கமே விழுகிறார் என்பதைக் கண்டுபிடித்தவர் கோமதிநாயகம். மேசையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "மேசை இடப்பக்கம் ஒரு நூல் சாயுதுவே. மனுசன் எப்படி நிப்பாரு?" என்றார்.

இடப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார்கள். அந்த வாரம் மாரியண்ணன் மூன்று தடவையும் வலப்பக்கம் விழுந்தார்.

"வேலை செய்யுது! ஆனா செங்கல் கூடிப்போச்சு" என்றார் தளவாய்.

செங்கல்லைப் பாதியாக உடைத்து வைத்தார்கள். மாரியண்ணன் மல்லாக்க விழுந்தார். முன்பக்கம் உயர்ந்துவிட்டது என்று அரைச் செங்கல்லைப் பின்பக்கக் கால்களுக்குத் தள்ளினார்கள். அடுத்த வாரம் அவர் குப்புற விழுந்தார். குப்புற விழுந்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கணக்குக்குப் புதிதாக ஒரு கட்டம் போட வேண்டியதாயிற்று.

இப்படிச் சரிசெய்துகொண்டு வருகையில்தான் அந்த அறிவிப்பு வந்தது. பெட்டியில் எரிமலை புகைந்தது. குரல் சொன்னது: "அடுத்த ஞாயிறு, இறுதிப் பகுதி. எரிமலையின் உச்சியிலிருந்து விழப்போகிறான் கொண்டாமாரு. இந்த முறை எழுவானா? அவனைக் காப்பாற்ற யாருமே இல்லையா?"

"நான் இருக்கேன்!" என்று ஊர்க்காட்டான் எழுந்தான். எழுந்த வேகத்தில் குழல்விளக்கில் தலை இடித்து, ஆட்டுரலின் மேல் விழுந்தான். அவன் எழுந்து நிற்பதற்குள் பெட்டியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்குமா அண்ணாச்சி?"

"கேட்டிருக்கும். நீ சொன்ன பொறவுதான அவன் வேற பேச்சுக்குப் போனான்" என்றார் ஆவுடையப்பன். "வாக்குக் குடுத்தாச்சு. இனி மாரியண்ணன் உசுரு நம்ம பொறுப்பு."

ஆறு நாள்தான் இருந்தது. நால்வரும் கூடத்தைப் பூட்டிக்கொண்டு ஆலோசனை செய்தார்கள்.

"அறுபத்தெட்டு தடவை விழுந்தவரு. விழாம இருக்க வைக்க நம்மால முடியாது" என்று தொடங்கினார் கோமதிநாயகம். "விழுந்து எங்க போறாருன்னு பாக்கணும். திரைக்குக் கீழ போயிருதாரு. திரைக்குக் கீழ என்ன இருக்கு?"

நால்வரும் குனிந்து பார்த்தார்கள். "மேசை."

"மேசைக்குக் கீழ?"

"சிமெண்டுத் தரை."

"அதான் அடி படுது" என்றார் கோமதிநாயகம்.

ஊர்க்காட்டானுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாளும் வெறுந்தரையிலயா விழுந்துக்கிட்டு இருந்தாரு! நாமளும் பாத்துக்கிட்டே இருந்திருக்கமே!"

மேசைக்கு முன்னால் எட்டுக் கட்டு வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஆவுடையப்பனின் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டார்கள். அது அவருடைய கல்யாண மெத்தை. அவர் வீட்டில் அன்று சோறு கிடைக்கவில்லை என்று கேள்வி.

அடுத்தது பூதம். அது எப்போதும் வலப்பக்கமிருந்துதான் வரும். பெட்டிக்கு வலப்பக்கம் கருவேல முள் வெட்டிவந்து அடைத்தார்கள்.

"எல்லாஞ் சரி, இந்த வெள்ளிச்சாமி ஏன் எப்பவும் லேட்டா வாராரு?" என்று கேட்டார் தளவாய்.

"எங்க இருந்து வாராரு?"

"பின்னால இருந்து."

"பின்னால சுவரு இருக்கு. ஊரைச் சுத்தில்லா வரணும்" என்றார் கோமதிநாயகம்.

தளவாயின் முகம் மலர்ந்தது. ஆட்டுரலுக்குத் துண்டு போர்த்தி, "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அதைச் சுவரில் மோதவிட்டார். நாலாவது மோதலில் பெட்டிக்கு நேர்பின்னே மூன்றடிக்கு மூன்றடி ஓட்டை விழுந்தது. ஓட்டைக்கு அந்தப்பக்கம் அரியநாச்சியின் எருமைத் தொழுவம். அரியநாச்சியும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், கையில் சாணிக்கூடையோடு.

"ஏ கூறுகெட்டவனுவளா, என்னத்துக்கு இடிக்கிய?"

"வழி விடுதோம் மதினி" என்றான் ஊர்க்காட்டான்.

"ஆருக்கு?"

"வெள்ளிச்சாமிக்கு."

"வடக்குத் தெரு வெள்ளிச்சாமியா?"

"ஜப்பான் வெள்ளிச்சாமி."

"ஏன், ஜப்பான்காரன் வாசல் வழியா வரமாட்டானோ?"

கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். "வாசல் வழியா வந்தாருன்னா, பெட்டிக்கு முன்னால வந்து நிப்பாரு. சண்டை பெட்டிக்கு உள்ள நடக்கும். நம்மகூட உக்காந்து பாக்கதுக்கா அவ்வளவு தூரத்துல இருந்து வாராரு?"

அரியநாச்சி சாணிக்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "என் எருமை மேல ஒரு கல்லு விழுந்துச்சோ, ஒங்க நாலு பேத்தையும் இங்கன கட்டிப்போட்டுப் பால் பீச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இறுதி ஞாயிறு வந்தது. படம் பார்க்கப் பாதியும் ஓட்டையைப் பார்க்கப் பாதியுமாக நாற்பத்து மூன்று பேர் கூடத்தில் கூடிவிட்டார்கள். ஊர்க்காட்டான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மெத்தை ஓரத்தில் இரண்டு கையையும் ஏந்தியபடி குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

பதினொன்று இருபத்தைந்துக்கு மாரியண்ணன் எரிமலை ஏறினார். முள்வேலியை மதிக்காமல் பூதம் வலப்பக்கமிருந்து வந்தது. மாரியண்ணன் அதை நோக்கி ஓடினார். கால் தட்டியது.

"போச்சு!" என்றது கூட்டம்.

"வெள்ளிச்சாமீ! வழி விட்டிருக்கோம், வாரும்வே!" என்று கத்தினான் ஊர்க்காட்டான்.

காலையிலிருந்து எட்டுக் கட்டு வைக்கோலின் வாசனை ஓட்டை வழியே தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, இரண்டு கொம்பும் ஒரு கரிய தலையும் பெட்டிக்குப் பின்னே எழுந்தன.

"வந்துட்டாரு!" என்றார் தளவாய்.

"கறுத்துப் போயிட்டாரே" என்றார் ஆவுடையப்பன்.

"ஜப்பான்ல இருந்து வெயில்ல வரவேண்டாமா?" என்றார் கோமதிநாயகம்.

வந்தவர் கழுத்தை நீட்டினார். பெட்டி மேசையிலிருந்து புறப்பட்டது. எரிமலையிலிருந்து பாதி தூரம் விழுந்திருந்த மாரியண்ணன் மீதி தூரத்தைப் பெட்டியோடு விழுந்து, இலவம்பஞ்சு மெத்தையில் பொத்தென்று இறங்கினார். சுவரிலிருந்து கம்பி பிடுங்கிக்கொண்டது. திரை இருண்டது.

வைக்கோல் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெள்ளிச்சாமி வைக்கோல் திங்காரே" என்றார் தளவாய் மெதுவாக.

"தின்னட்டும். வேலையை முடிச்சிட்டுத்தான திங்காரு" என்றார் ஆவுடையப்பன்.

ஊர்க்காட்டான் பெட்டியின்மேல் காது வைத்துக் கேட்டான். பிறகு முதுகுப்பக்கம் தடவிப் பார்த்தான். "ஒடம்பு கதகதன்னு இருக்கு அண்ணாச்சி. எங்கயும் ஒரு கீறல் இல்ல. சத்தமே காணும். அசந்து தூங்குதாரு."

கூட்டத்தில் யாரோ, "கம்பியைச் சொருகுங்கப்பா, முடிவைப் பாப்போம்" என்றார்கள்.

ஊர்க்காட்டான் பெட்டிக்குக் குறுக்கே கையை விரித்து நின்றான். அவன் யாரையும் எதிர்த்து நின்று அந்த ஊர் பார்த்ததில்லை. "சொருகினா எந்திரிப்பாரு. எந்திரிச்சா ஓடுவாரு. ஓடுனா விழுவாரு. விழுந்தா நீங்க சிரிப்பீங்க. வேண்டாம்."

ஆவுடையப்பன் இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டார். "படுத்துக் கெடக்கவரு எங்கவே விழப்போறாரு? அப்படியே கெடக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். பெட்டிக்குக் கழுத்துவரை போர்வை போர்த்தினார்கள். பெட்டிக்குக் கழுத்து எது என்பது பற்றிச் சிறிது வாக்குவாதம் நடந்து, அதுவும் சுமுகமாக முடிந்தது.

இன்றோடு முப்பத்தொரு ஞாயிறு ஆகிறது. காலை பதினொரு மணிக்கு நால்வரும் வந்து, அவரவர் துணையோடு, போர்வைக்கு முன்னால் உட்காருகிறார்கள். ஆட்டுரலும் வருகிறது. ஓட்டை வழியே எருமை தலையை நீட்டினால் வெள்ளிச்சாமிக்கு முதல் கவளம் வைக்கோல் வைக்கிறார்கள். அன்றைக்குத் தீனி மிச்சம் என்பதால் அரியநாச்சி ஒன்றும் சொல்வதில்லை. பதினொன்றரைக்குக் கணக்கு எடுக்கிறார்கள். இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இல்லை, மல்லாக்க இல்லை, குப்புற இல்லை. முப்பத்தொரு வாரத்தில் மாரியண்ணன் ஒரு தடவைகூட விழவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காட்டான் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தான். கூடத்து நிலைப்படியில் தலை இடித்து, ஆட்டுரலில் கால் தட்டி, செம்பு, ஐந்து தம்ளர், தட்டம் அத்தனையோடும் தடாலென்று விழுந்தான். வாசலில் நின்ற ஏழெட்டுப் பேர் பழக்கதோசத்தில் சிரிப்பதற்கு வாயைத் திறந்தார்கள். ஆவுடையப்பன் உதட்டில் விரலை வைத்து அவர்களை அடக்கினார். பிறகு ஊர்க்காட்டானைப் பார்த்து, "ஏல, மெதுவா விழக்கூடாதா? அண்ணன் முழிச்சிருவாருல்லா" என்றார்.

ஊர்க்காட்டான் பயத்தோடு போர்வையைப் பார்த்தான். அது அசையவில்லை. தம்ளர்களைச் சத்தமில்லாமல் பொறுக்கித் தட்டத்தில் அடுக்கினான். வாசலுக்குத் திரும்பிப் போனான். அங்கிருந்து நுனிக்காலில் நடந்துவந்து, அதே இடத்தில், மெதுவாக விழுந்தான்.