செவலைக் குதிரையும் முள்ளம்பன்றி வரைந்த படமும்

ஒரு காட்டுக் குளக்கரையில் செவலை என்ற பெண் குதிரை முயல்களுக்குக் காவலாக இருந்தது. அதன் உதைக்குப் பயந்து ஓநாய் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

கோடை வந்தது. கரையோரப் புல்லெல்லாம் காய்ந்தது. மேய்ச்சலுக்கு மலையடிவாரம் போக வேண்டும். போனால் முயல்களின் கதி?

செவலை யோசித்தது. படம் வரைவதில் கெட்டிக்காரனான முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது.

"தம்பி, இந்தப் பாறையில் என்னை அச்சு அசலாக வரைந்துவிடு! நான்தான் நிற்கிறேன் என்று ஓநாய் நம்ப வேண்டும்!"

"ஜமாய்த்துவிடலாம் அக்கா!"

முள்ளம்பன்றி செம்மண்ணைக் குழைத்து உடம்பை வரைந்தது. வயிற்றுக்கு அடியில் கரியைத் தேய்த்தது. முதுகில் வெள்ளைக் களிமண்ணைத் தீற்றியது.

செவலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வயிற்றில் என்ன அழுக்கு? முதுகில் என்ன தேமல்? என் தோலில் ஒரு புள்ளி உண்டா? எல்லாம் ஒரே சிவப்பாக இருக்கட்டும்!"

"அக்கா, அது அழுக்கில்லை, நிழல்..."

"சொன்னதைச் செய்!"

முள்ளம்பன்றி பெருமூச்சு விட்டபடி எல்லாவற்றையும் சிவப்பால் மெழுகியது. செவலை அழகு பார்த்துவிட்டு மேயப் போனது.

ஓநாய் பதுங்கிப் பதுங்கி வந்தது. பாறையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

"யார் இங்கே செம்மண்ணை அப்பியது?"

அடுத்த நொடி முயல்கள் மேல் பாய்ந்தது. அவை அலறிக்கொண்டு வளைக்குள் புகுந்தன. ஒரு குட்டியின் வால் மயிர் ஓநாயின் பல்லில் சிக்கியது! அலறல் கேட்டுச் செவலை பறந்து வந்தது. ஓநாய் ஓட்டம் பிடித்தது.

நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைச் செவலை மூக்கால் வருடியது.

"என் வீம்பால் உன் உயிரே போயிருக்குமே!" என்றது. பிறகு முள்ளம்பன்றியிடம் திரும்பி, "தம்பி, உன் இஷ்டப்படி வரை" என்றது.

"முதலில் வெயிலில் நின்று தண்ணீரைப் பார் அக்கா!"

செவலை பார்த்தது. வெயில் பட்ட முதுகு வெள்ளியாக மின்னியது. வயிற்றடி கறுத்துக் கிடந்தது.

"அட, நான் இப்படியா இருக்கிறேன்!"

"ஆமாம்! வெளிச்சமும் நிழலும் சேர்ந்தால்தான் உடம்பு திரண்டு தெரியும்!"

முள்ளம்பன்றி தன் முள் ஒன்றை உருவிக்கொண்டது. குதிரையின் முடி படிந்திருக்கும் போக்கிலேயே பாறைப் படத்தில் மெல்லக் கீறியது. மேலே வெள்ளையைத் தொட்டு வைத்தது. கீழே போகப் போகக் கரியைக் கூட்டியது. கண்ணில் ஒரு துளி வெள்ளை வைத்ததும் பாறைக்குதிரை முறைத்துப் பார்த்தது!

மறுநாள் செவலை மேயப் போனதும் ஓநாய் வந்தது.

"ஐயோ, உதைக்கப் போகிறாள்!" என்று கத்தியபடி திரும்பியது. ஓடிய வேகத்தில் குளத்தில் விழுந்து, எழுந்து, சொட்டச் சொட்ட ஓடியே போனது. முயல்கள் சிரித்துப் புரண்டன.

வயிறு நிறைய மேய்ந்துவிட்டுச் செவலை திரும்பியது. கரைக்கு வந்ததும் காதை விறைத்துக் கனைத்தது.

"யாரது, என் இடத்தில் இன்னொரு குதிரை?"

"அக்கா, அது நீதான்!" என்று குட்டி முயல் துள்ளியது. செவலை வெட்கத்தோடு வாய்விட்டுச் சிரித்தது.

நம்மிடம் உள்ள நிழலையும் சேர்த்து ஏற்றுக்கொண்டால்தான் நம் உண்மையான உருவம் உலகுக்குத் தெரியும்.