முந்நூறு பேர் கூப்பு

வேங்கைமலைக் காட்டில் மரம் வெட்டும் கூப்பு ஒன்று நடந்துவந்தது. எந்த மரம் முற்றியது என்று மரங்கொத்திகள் தட்டிப் பார்த்துச் சொல்லும். முள்ளம்பன்றிகள் அடிமரத்தைக் கடித்துச் சாய்க்கும். யானைகள் தடியை ஆற்றுக்கு இழுத்துப் போகும். தடிகள் ஆற்றோடு கீழூருக்கு மிதந்து போக, அங்கிருந்து ராகி மூட்டைகள் வரும். வேலை செய்த அன்றைக்கு ஆளுக்கு ஒரு களி உருண்டை.

கூப்பின் மேஸ்திரி ஒரு நரி.

காட்டின் ராஜா புலி. அது வருஷத்துக்கு ஒருமுறை நரியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கும். "கூப்பில் எத்தனை பேருக்கு வேலை? போன வருஷத்தைவிடக் கூடுதலா, குறைவா?"

"கூடுதல், ராஜா!" என்று நரி சொல்லும். புலி மீசையை நீவிக்கொள்ளும். அவ்வளவுதான்.

இந்த வருஷமும் அப்படித்தான். "முந்நூறு பேர், ராஜா!" என்று நரி சொன்ன செய்தி காடு முழுக்கப் பரவியது. அதைக் கேட்ட செவந்தி என்ற யானைக்குத் தலை சுற்றியது. செவந்தியிடம் பால் மறக்காத கன்று ஒன்று இருந்தது. முன்பெல்லாம் வாரம் ஆறு நாள் தடி இழுத்த செவந்திக்கு இப்போது திங்கட்கிழமை மட்டும்தான் வேலை.

"முனியா, வேலை கூடியிருந்தால் நான் ஏன் சும்மா நிற்கிறேன்?" என்று பக்கத்தில் இருந்த கரடியைக் கேட்டது.

"எனக்கும் புரியவில்லை, அக்கா! தடி உருளாமல் அதன்மேல் உட்காரும் வேலைக்கு என்னை எடுத்தார்கள். நேற்று அந்தத் தடியையும் கொண்டுபோய்விட்டார்கள். நான் இன்னும் வேலையில் இருக்கிறேனா என்று யாரைக் கேட்பது?" என்றது முனியன்.

செவந்தி நேராக நரியிடமே போனது. நரி சிரித்தது.

"முன்பு வாரம் முழுக்கத் தடியை நீ தனியாக இழுத்தாய். வேலை எத்தனை பேருக்கு?"

"ஒருத்திக்கு."

"இப்போது நீ திங்கள், உன் தங்கை புதன், உன் அத்தை வெள்ளி. எத்தனை பேருக்கு?"

"மூன்று பேருக்கு."

"ஒன்று மூன்றாகிவிட்டது! இதுதான் வளர்ச்சி!"

"களி உருண்டையும் மூன்றாய்ப் பிரிந்துவிட்டதே, மேஸ்திரி!"

"அதை ராஜா கேட்கவில்லையே! கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்?"

செவந்தி பெருமூச்சு விட்டது. மேல்சரிவில் மரமே இல்லை, வெறும் அடிக்கட்டைகள்தான். மூச்சு முட்ட இழுத்த தடிகள் போய், இப்போது வருவதெல்லாம் கரும்பு மாதிரிக் கம்புகள். பழமரங்கள் போனதும் இருவாச்சிப் பறவைகளும் போய்விட்டன. அவை தின்று போட்ட கொட்டைகள்தான் முன்பு மரக்கன்றுகளாய் முளைத்தன. அந்த வேலையை யாரும் வேலை என்று எண்ணியதே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் புலியிடமிருந்து ஆள் வந்தது. "முந்நூறு பேரையும் பார்க்க ராஜா நாளைக்கு வருகிறார்!"

கூப்பில் இருந்ததே நாற்பது பேர். நரி எல்லோரையும் கூட்டியது.

"இந்தக் குன்றைச் சுற்றி வரிசையாக நடங்கள். சுற்றி முடித்ததும் நிற்காமல் மறுபடி வாருங்கள். செவந்தி, இரண்டாவது சுற்றில் நீ சேறு பூசிக்கொள். மூன்றாவதில் தலையில் கொடியைச் சுற்றிக்கொள். ஒவ்வொரு சுற்றிலும் நீ வேறு யானை!"

"இது பொய்யில்லையா, மேஸ்திரி?"

"இது உன் திங்கட்கிழமை வேலை! வேண்டுமா, வேண்டாமா?"

செவந்தி கன்றை நினைத்தது. சேறு தேடிப் போனது.

மறுநாள் புலி பாறைமேல் உட்கார, வரிசை நகர்ந்தது. இரண்டாவது சுற்றில் முனியன் கையைத் தூக்கி, "ராஜாவுக்கு மறுபடியும் வணக்கம்!" என்றது.

"மறுபடியுமா?" என்றது புலி.

"இவன் தம்பி, ராஜா! முன்னால் போனது அண்ணன். குடும்பத்தின் சார்பில் மறுபடியும்!" என்றது நரி.

எட்டாவது சுற்றில் எல்லோருக்கும் நாக்கு தள்ளியது. ஆனால் புலிக்கு ஒரே குஷி.

"முந்நூறுக்கு மேலேயே இருக்கிறீர்களே! என் கவலை தீர்ந்தது. ஆற்றங்கரையில் உடைப்பு. மலையில் மேகம் கறுத்துவிட்டது. கீழே பள்ளத்தில் மான்கள் குட்டிகளோடு இருக்கின்றன. ஆளுக்கு ஒரு தடி கொண்டுவந்தால் பொழுது சாய்வதற்குள் அடைத்துவிடலாம். கிளம்புங்கள்!"

யாரும் கிளம்பவில்லை. நரி தன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. தூரத்தில் இடி உருண்டது.

செவந்தி முன்னால் வந்தது.

"ராஜா, முந்நூறு பேர் இல்லை. நாற்பது பேர்தான். நீங்கள் பார்த்த யானைகளில் எட்டு நான்தான். தடியும் இல்லை."

"மரம் எங்கே போயிற்று?" புலி உறுமியது.

"ஆள் எண்ணிக்கை கூட வேண்டும் என்று மரத்தை அதிகமாக வெட்டினோம். மரம் குறைந்ததும் வேலையைத் துண்டு போட்டோம். துண்டு போடவும் வழியில்லாமல் குன்றைச் சுற்றினோம்."

புலி நரியை நோக்கிக் கையை ஓங்கியது.

"அடிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ராஜா!" என்று செவந்தி கத்தியது. "மரங்கொத்திகள் பறந்துபோய் மான்களை மேட்டுக்கு ஏறச் சொல்லட்டும். தடி இல்லாவிட்டால் கல் இருக்கிறது. நாற்பது பேரும் உருட்டுவோம். நீங்களும் வாருங்கள்!"

ராஜாவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் புலி பாறையிலிருந்து குதித்து இறங்கியது. செவந்தி பாறைகளைப் புரட்ட, முனியன் முட்டுக்கொடுக்க, புலியும் நரியும் ஒரே கல்லைத் தள்ளின. மழை கொட்டியது. கரை பாதிதான் நின்றது. மீதி வழியாகத் தண்ணீர் பாய்ந்து பள்ளத்தை நிரப்பியது. ஆனால் அதற்குள் கடைசி மான்குட்டியும் மேட்டில் ஏறிவிட்டது.

மழை விட்டதும் புலி இரண்டு உத்தரவு போட்டது. இனி நடும் கன்றுகள் மரமாகும்வரை யாரும் பல்லை மரத்தில் வைக்கக் கூடாது. இருவாச்சிகளை அழைத்துவர வேண்டும், அவை விதை போடுவதும் இனி வேலைதான்.

கீழூர் ராகி வருவது நின்றது. சில மாதம் எல்லோரும் மூங்கில் குருத்தைத் தின்று முகம் சுளித்தார்கள். ஆனாலும் செவந்திக்கு வாரம் முழுக்க வேலை இருந்தது. அது தும்பிக்கையால் தண்ணீர் மொண்டு மரக்கன்றுகளுக்கு ஊற்ற, அதன் குட்டி அந்தச் சேற்றில் புரண்டது.

நரிக்கு மரக்கன்று நடக் குழி தோண்டும் வேலை. முதல் நாள் ஒரு குழியைத் தோண்டிவிட்டு "மூன்று!" என்றது. அன்றிலிருந்து முனியன் ஒவ்வொரு குழியிலும் தலையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டது.

எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டி நல்ல பெயர் வாங்குகிறவர்கள், அந்த எண்ணிக்கைக்குத் தக்க வேலையைக் கேட்கும் நாளில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும்.