மஞ்சள் ஏறிய கட்டை

கிட்ட வந்து உட்காருங்க. உரக்கச் சொல்லுற கதை இல்லை இது.

மலைக்காட்டுல மயிலேறிச் சாமின்னு ஒரு குரு. அவருக்குச் சீடன் அரியமுத்து. ரெண்டு பேருக்கும் வயசு ஒண்ணுதான். சாமர்த்தியம் மட்டும் சீடனுக்குக் கூட.

குரு ஊர் ஊராப் போயிருந்த ஒரு மழைக்காலம். விழுந்து மக்கிக் கிடந்த வேங்கை மரத்துல, அரைச்ச மஞ்சளை அப்பின மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. விறகுக்கு வந்த பொம்பளைங்க, "ஆத்தா தானே மஞ்சள் பூசிக்கிட்டா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மறுநாள் பார்த்தா அது நகர்ந்திருந்தது! அவ்வளவுதான், மஞ்சளும் வேப்பிலையும் படைக்க ஊரே மலை ஏறுச்சு. அரியமுத்து பூசாரி ஆனான்.

குரு திரும்பி வந்தப்ப, காய்ச்சல்ல துவண்ட பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, பூவாயிங்கிறவ அந்தக் கட்டை முன்னால உட்கார்ந்திருந்தா.

"என்னடா இது?"

"ஆத்தா, சாமி. நடக்கறா."

குரு குனிஞ்சு பார்த்தார். "பூசணம் மாதிரி ஒரு உசுரு. ஈரக்கட்டையில மேயுது. தீனி தேடி நகருது."

"எனக்குத் தெரியாதா சாமி? சனம் நம்புது. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

"அந்தப் பிள்ளை எப்ப இருந்து இங்க கிடக்கு?"

அரியமுத்து குனிஞ்சு வேப்பிலையை அடுக்க ஆரம்பிச்சான்.

குரு பூவாயிகிட்டப் போனார். "தாயி, அடிவாரத்துல ஆஸ்பத்திரி இருக்கு. எந்திரி."

"ஆத்தா எம்பக்கமா நகர்ந்தா பிள்ளை பிழைச்சுக்கும்னு பூசாரி சொன்னாரு சாமி. நடுவுல எந்திரிச்சா கோவிச்சுக்குவாளாம்."

குரு ஒரு குச்சியால கட்டையைத் தொட்டார். வெயில் ஏறி அது பொருக்குத் தட்டியிருந்தது. உடைஞ்சு, பழுப்புத் தூளாப் பறந்துச்சு.

"போயிட்டாளா சாமி?"

"போயிருச்சு தாயி."

பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டார். அடுப்புக்கல்லா சுட்டுது. பூவாயி அழுதுக்கிட்டே பின்னால நடந்தா.

"சாமி! நாளைக்கு வர்ற சனத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?"ன்னான் அரியமுத்து.

"மரம் மக்கிருச்சுன்னு சொல்லு."

பாதை திரும்புற இடத்துல பின்னால அரியமுத்து கத்துறது கேட்டுச்சு.

"பூவாயி! ஆத்தா வந்துட்டாடி! உன் பக்கமாவே வந்திருக்கா!"

கட்டை மேல புது மஞ்சள் ஈரமாப் பளபளத்துச்சு. பூவாயி பிள்ளையைக் குரு தோள்லேர்ந்து பிடுங்கிக்கிட்டு ஓடினா. தோள்ல அந்தச் சூடு மட்டும் நின்னுச்சு.

அரியமுத்து ஒரு கையால பிள்ளை நெத்தியில வேப்பிலையை வச்சான். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால கொண்டுபோய், விரல்ல ஒட்டியிருந்த மஞ்சளை வேட்டியில துடைச்சுக்கிட்டான்.