கண்ணில் ஒற்றிய ஓலை

செண்பகபுரி என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ராஜாவுக்கு மரியாதை அதிகம், புத்திக்கு மரியாதை கம்மி. எல்லா ஊரிலும் அப்படித்தானே என்கிறீர்களா? சரி, அப்படியானால் கதை உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம் பவளத்தீவு. செண்பகபுரிக்காரர்கள் முந்நூறு பேர் அங்கே மிளகும் துணியும் விற்றுப் பிழைத்து வந்தார்கள். அந்தத் தீவில் விஷக்காய்ச்சல் பரவுகிறது என்று ஒரு கப்பல்காரன் சேதி கொண்டுவந்தான். ஒருத்தர் தும்மினால் தெருவே படுத்துவிடுகிறதாம். சபையில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அரண்மனை விகடர் கரும்பாயிரம் மட்டும் எந்தத் தெரு, எந்தத் தெரு என்று கப்பல்காரனைத் துளைத்தெடுத்தார். அவருடைய ஒரே மகள் செங்கமலம் அந்தத் தீவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது ஏழு மாதம் வேறு.

ராஜா சேந்தமாறன் கெட்டவரில்லை. உடனே வைத்தியரைக் கூப்பிட்டு ஓர் ஓலை எழுதச் சொன்னார். கூட்டம் கூடாதே, கையால் கண்ணையும் மூக்கையும் தொடாதே, இருமினால் வாயைத் துணியால் பொத்திக்கொள், காய்ச்சல் கண்டால் தனி அறையில் படு. நல்ல ஓலைதான். அதோடு விட்டிருக்கலாம். பிரதானி அகோரமூர்த்தி விடுவாரா? ராஜமுத்திரை வைத்த ஓலைக்கென்று ஒரு முறை இருக்கிறதே என்று ஆரம்பித்தார். முந்நூறு பேரும் ஒரே மண்டபத்தில் கூட வேண்டும். கருநீலப் பட்டுப்பையில் இருக்கும் ஓலையை ஒவ்வொருவராக வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, அடுத்தவரிடம் தர வேண்டும். ஒற்றாதவன் ராஜத்துரோகி.

கூட்டம் கூடாதே என்று சொல்வதற்காகவா எல்லோரையும் கூட்டுகிறோம் என்று கரும்பாயிரம் மெதுவாகக் கேட்டார். பிரதானி குதித்தார். ராஜமுத்திரையில் நோய் இருக்கிறது என்கிறான் பாருங்கள் என்று அங்கேயே போட்டுக்கொடுத்தார். ராஜாவின் மீசை துடித்தது.

"என் ஓலைக்கு மரியாதையும் குறையக் கூடாது, என் குடிகளுக்குக் காய்ச்சலும் வரக் கூடாது. நாளை மதியம் கப்பல் கிளம்புகிறது. அதற்குள் வழி சொல். இல்லையென்றால் பிரதானி சொன்னபடிதான் நடக்கும். ஓலையை நீயே கொண்டுபோய் ஒவ்வொருவர் கையிலும் கொடு."

பெற்ற மகள் கையிலும் நானேதான் கொடுக்க வேண்டுமா? கரும்பாயிரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அடுக்களையில் போய் உம்மென்று உட்கார்ந்தார். பானை தேய்த்துக்கொண்டிருந்த மனைவி அஞ்சலை, அந்தக் கையாலேயே வேர்வையைத் துடைத்தாள். நெற்றியில் பளிச்சென்று ஒரு கரிக்கோடு விழுந்தது. அவர் சட்டென்று எழுந்து பானையின் அடியைச் சுரண்ட ஆரம்பித்தார். மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அவள் திட்டினாள்.

மறுநாள் காலை, கருநீலப் பையைத் தட்டில் ஏந்திக்கொண்டு சபைக்கு வந்தார். கப்பலேறும் முன்னால் சபையார் மரியாதை செய்துவிடலாமே என்று பவ்யமாகச் சொன்னார். பிரதானிக்கு வாயெல்லாம் பல். முதல் ஆளாக வாங்கி, மூன்று தடவை அழுத்தி அழுத்தி ஒற்றிக்கொண்டார். அடுத்துத் தளபதி, பிறகு புலவர்கள். கையால் கண்ணைத் தொடாதே என்று எழுதிய வைத்தியரே பக்தியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றினார்.

ராஜா முன்னால் சிரிப்பதும் அங்கே குற்றம். தளபதி பிரதானியின் முகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். பிரதானி தளபதியைப் பார்த்து இருமுவதுபோல் நடித்தார். தன் முகமும் அதே லட்சணத்தில்தான் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிரதானி வழக்கம்போல் வெற்றிலை மடித்து ராஜாவிடம் நீட்டினார். ராஜா வாங்கிப் போட்டுக்கொண்டு, சுகமாக மூக்கைச் சொறிந்தார்.

கரும்பாயிரம் கண்ணாடியைக் கொண்டுபோய் ராஜா முன்னால் பிடித்தார். ராஜாவின் மூக்கு அடுப்புக்கட்டி நிறத்தில் இருந்தது.

"நான் அந்த ஓலையைத் தொடவே இல்லையே."

"நீங்கள் தொட வேண்டாம் மகாராஜா. பிரதானி தொட்டார். அவர் மடித்த வெற்றிலையை நீங்கள் தொட்டீர்கள். அது போதும். இது பையில் நான் தடவிய பானைக்கரி, தேய்த்தால் போய்விடும். தீவில் இருப்பது கண்ணுக்கே தெரியாது."

எல்லோரும் அவரவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ராஜாவுக்குக் கோபம் வரவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

"ஒற்றிக்கொள்ளாவிட்டால் என் ஓலைக்கு வேறு என்னதான் மரியாதை?"

"அதில் எழுதியிருக்கிறபடி நடப்பதுதான். இதுவரை யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை, மகாராஜா."

ராஜா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு தெறித்தது. முதல்முறையாகச் சபை முழுக்க இரண்டடி பின்னால் நகர்ந்தது. ஓலையை யாரும் தொட வேண்டாம், படகில் நின்றபடி உரக்க வாசித்தால் போதும், ஜனங்கள் அவரவர் வாசலிலிருந்தே கேட்டுக்கொள்ளட்டும் என்று உத்தரவானது. உரத்த குரல் யாருக்கு என்று ராஜா யோசிக்கவே இல்லை. மதியக் கப்பலில், பாதி கழுவிய முகத்தோடு பிரதானி ஏறினார்.

மூன்று மாதம் கழித்துச் செங்கமலத்தின் ஓலை வந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, பிரதானி போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். கரும்பாயிரம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, தன்னை அறியாமல், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

அடுக்களை வாசலில் நின்று அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, போய் முகத்தையும் கையையும் கழுவிட்டு வாங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி அந்த ஓலையை இப்படிக் குடுங்க. நானும் ஒரு தடவை ஒத்திக்கறேன்."