மில் வாசலில் பூசணிக்காய்

சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் இப்போதே இல்லை. முதலில் வரதப்பர் தொண்டையைச் செருமட்டும்.

ஆரணியில் அரிசி மில் வைத்திருக்கும் வரதப்பருக்கு, நெல் அரைக்கிற இயந்திரத்தின் குரல். இன்சூரன்ஸ் தரகர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த திலகவதிக்குக் கொசுக் குரல். "அந்த மில்லுக்குப் பாலிசி போட்டாத்தான் உனக்கு வேலை நிரந்தரம்" என்று மேலாளர் மூக்கால் பேசி அனுப்பியிருந்தார்.

"உக்காரும்மா," இயந்திரம் ஓடியது. "தீ, விபத்து, நஷ்டம்னு இங்க அபசகுனமாப் பேசினா, யாரா இருந்தாலும் வெளியே போயிடணும். அதெல்லாம் பேசாம பாலிசி வித்துக் காட்டு."

இதற்கு முன் வந்த ஏஜென்ட்டுகள் எல்லாம் முதல் வாக்கியத்திலேயே வெளியேறியவர்கள்.

திலகவதி வாசலைப் பார்த்தாள். மீசை வரைந்த திருஷ்டிப் பூசணி தொங்கியது.

"பூசணி எதுக்குங்கய்யா?"

"இதுகூடத் தெரியாதா? ஊர்க்கண்ணு பொல்லாதது. உமிக் குடோன்ல ஒரு பொறி விழுந்தா மில்லே சாம்பல். லாரி கவுந்தா நெல்லெல்லாம் ரோட்டுல. அத்தனை குடும்பமும் தெருவுல நிக்கும். முன்கூட்டியே ஒரு காப்பு வேணாமா?"

"வேணுங்கய்யா. அழுகிட்டா?"

"உடனே புதுசு கட்டணும்."

"மில்லையே திரும்பக் கட்டித் தர்ற பூசணி இருந்தா?"

"ரெண்டாக் கட்டுவேன். எங்கம்மா கிடைக்கும்?"

திலகவதி பாலிசி விண்ணப்பத்தை அவர் முன் வைத்தாள். "இதாங்கய்யா. வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிச்சாப் போதும்."

வரதப்பர் சிரித்துக்கொண்டே படித்தார், கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார். அப்புறம்தான் இயந்திரக் குரல் வேகம் குறைந்தது.

"ஏம்மா, அபசகுனமாப் பேசினது பூரா நானா? அப்போ வெளியே போகவேண்டியது..."